மச்சம் எடுக்கச் சொன்னார்கள்

தவக்காலத்து வெள்ளிக்கிழமை. ஊர் முழுக்கப் பூசணிக்காயும் பருப்பும் வெந்துகொண்டிருந்த நேரத்தில், எமில்டாவின் குசினியில் மட்டும் விளைமீன் பொரிந்துகொண்டிருந்தது.

கதவைச் சாத்தியிருந்தாள். தட்டியின் ஓட்டைகளில் சாக்குத் துண்டுகளைச் செருகியிருந்தாள். அடுப்புக்குள் வேப்பங்கொத்தைப் போட்டுப் புகையும் கிளப்பியிருந்தாள். ஆனால் முல்லைத்தீவுக் கரையில் பிறந்த மூக்கு ஒன்றை வேப்பம்புகையால் ஏமாற்றிவிட முடியுமா?

“என்னடி, பெரிய பொரியல் போல?”

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது குரல். சுசிலா. எமில்டாவின் புருசன் ஸ்ரனிஸ்லசின் மூத்த அக்கா. தாய் செத்த பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள். வளர்த்தவனை எமில்டாவிடம் கொடுக்க நேர்ந்ததை இன்றுவரை மன்னிக்காதவள். எமில்டா வெயில் என்றால் சுசிலா மழைக்குக் குடையை எடுப்பாள். எமில்டா மழை வரும் என்றால் தோய்த்த உடுப்பைக் கொண்டுபோய்க் கொடியில் போடுவாள்.

“கத்தரிக்காய் பொரிக்கிறன், மச்சாள்.”

“உன்ர கத்தரிக்காய்க்குச் செதிலும் இருக்கோ? வாசலில கிடந்து மினுங்குது.”

எமில்டா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். கையில் அகப்பை.

“ஓம், மீன்தான். உங்கட தம்பிக்குத்தான். டொக்டர் சொன்னது. கோயில் சுவாமியிட்டயும் கேட்டிட்டன், வருத்தக்காரருக்குப் பாவமில்லையாம். இன்னும் ஆரிட்டைக் கேக்கவேணும்? உங்களிட்டையோ?”

“என்னட்டைக் கேக்காததாலதான் அவன்ர மூஞ்சி இப்பிடிக் கிடக்குது. என்ர கையில வளரேக்குள்ள அவனுக்கு ஒரு பரு வந்திருக்குமோ?”

“உங்கட கையில வளரேக்குள்ள அவருக்கு மீசையே வரேல்லை, மச்சாள்.”

வேலியோலை படபடவென்று ஆடியது. சுசிலா அதை அறைந்துவிட்டுப் போய்விட்டாள்.

எமில்டா திரும்பவும் குசினிக்குள் போய் மீனைப் புரட்டினாள். ஒரு துண்டு உடைந்தது. கோபத்தில் உடைத்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவளுக்குப் பயம் என்று வந்தால் அது எப்போதும் கோபத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வரும்.

பயப்பட விசயம் இருந்தது. ஸ்ரனிஸ்லசின் இடது கண்ணுக்குக் கீழே, மூக்கோடு சேரும் பள்ளத்தில், போன மழைக்காலத்தில் ஒரு மறு முளைத்தது. அப்போது மிளகளவு. இப்போது கடலையளவு. கறுப்பா நீலமா என்று சொல்ல முடியாத நிறம். விளிம்பு மெழுகு பூசியதுபோல மினுங்கும். நடுவில் ஒரு பொருக்கு. பொருக்கு விழும், இரத்தம் கசியும், காயும், மறுபடியும் விழும். காலையில் எழும்பித் தலையணையைப் பார்த்தால் ஒரு சொட்டுக் கறை.

தை மாதத்தில் அடித்து விரட்டாத குறையாக அவனை உடையார்கட்டுக்கு அனுப்பினாள். அங்கே ஒரு வெளிநாட்டு நிவாரண அமைப்பு, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் தறப்பாள் கொட்டில் போட்டு, திங்களும் வியாழனும் நோயாளிகளைப் பார்த்தது. போனவன் பின்னேரம் திரும்பி வந்து, சைக்கிளை வேலியில் சாத்தியபடி சொன்னான்:

“மச்சம் எடுக்கட்டாம்.”

“என்னது?”

“மச்சம் எடுக்கட்டாம். தள்ளிப்போடக் கூடாதாம்.”

அந்தக் கரையில் தோலில் இருப்பதற்குப் பெயர் மறு. மச்சம் என்றால் சட்டிக்குள் கிடப்பது; எடுப்பது என்றால் தின்பது. மீன், இறால், நண்டு, கொடுத்துவைத்தால் கோழி. ஆள் இளைத்துப்போய்த்தான் இருந்தான். உடம்பில் பெலன் இல்லாததால் மறு ஆறவில்லை, நல்ல மச்சமாகச் சாப்பிட்டால் ஆறிவிடும் என்று எமில்டா கணக்குப் போட்டாள். அன்றைக்கே அடுப்பை மூட்டினாள்.

சாம்பல் புதனோடு தவக்காலம் பிறந்தது. ஊரே மச்சத்தை விட்டது. ஸ்ரனிஸ்லஸ் மட்டும் விடவில்லை. அவன் ஒருநாளும் மீன் வேண்டும் என்று கேட்டதில்லை. வைத்தால் தலையைக் குனிந்து தின்றுவிட்டு எழும்பிப் போவான்.

மறு மட்டும் ஆறவேயில்லை.

*

பெரிய கிழமை பிறந்தபோது எமில்டாவுக்குப் புதுத் தலையிடி. பெரிய வெள்ளியன்று மீன்சட்டியை அடுப்பில் ஏற்றச் சுவாமி விட்டாலும் அவள் கை விடாது. கர்த்தர் சிலுவையில் தொங்கும் நாளில் பாரைத் துண்டுக்கு மஞ்சள் தடவுகிறதா? அந்த ஒரு நாளைக்கு மட்டும் டொக்டரிடம் விடுமுறை கேட்டுவிடுவோம் என்று, திங்கட்கிழமை ஸ்ரனிஸ்லஸ் களப்புக்கு மீன்பிடிக்கப் போன கையோடு சைக்கிளை எடுத்தாள்.

புதுக்குடியிருப்பு தாண்டிக் கிறவல் றோட்டு. மண்ணெண்ணெயில் ஓடும் உழவு இயந்திரம் ஒன்று முன்னால் போய்க் கறுப்புப் புகையை அவள் முகத்துக்கு ஊதிக்கொண்டிருந்தது. வியர்வையும் புழுதியுமாகக் கொட்டிலுக்குள் நுழைந்தபோது, வாசலில் நின்றவள் அமராவதி.

டொக்டர் வெள்ளைக்காரப் பெண். அவருடைய இங்கிலீசைத் தமிழாக்கிச் சொல்லுகிறவள் அமராவதி. மலையகத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து வட்டக்கச்சியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். வந்து வருசக்கணக்காகியும் பேச்சில் மலைக்காற்று போகவில்லை.

“நான் ஸ்ரனிஸ்லசின்ர பெஞ்சாதி. கண்ணுக்குக் கீழ மறு இருக்கிறவர். தையில வந்தவர்.”

“ஆமா, ஞாபகம் இருக்குங்க. நெட்டையா ஒருத்தர். மச்சம் எடுக்கச் சொன்னோமே. எடுத்தாச்சா?”

“எடுக்கிறார். ஒவ்வொரு நாளும் எடுக்கிறார்.”

அமராவதி கையிலிருந்த மருந்துத் தட்டைக் கீழே வைத்தாள்.

“ஒவ்வொரு நாளுமா? யாரும்மா எடுக்கிறது?”

“வேற ஆர், நான்தான்.”

“நீங்களா?” அமராவதியின் குரல் இறங்கியது. “எப்படி எடுக்கிறீங்க?”

“எல்லாரும் செய்யிறமாதிரித்தான். முதல் செதிலைச் சுரண்டுறது. பிறகு வெட்டி, உப்பும் மஞ்சளும் போட்டுப் பிரட்டி வைக்கிறது. எண்ணெய் கொதிச்சாப்பிறகு...”

“அம்மா, அம்மா. நில்லுங்க.” அமராவதி இரண்டு கைகளையும் தூக்கினாள். “நீங்க எந்த மச்சத்தைச் சொல்றீங்க?”

“விளைமீன்தான் கூட. சில நாளையில பாரை.”

அமராவதி தன் விரலைத் தூக்கி, தன்னுடைய இடது கண்ணுக்குக் கீழே வைத்தாள்.

“நான் இதைச் சொன்னேங்க. எங்க பக்கம் இதுக்குத்தான் மச்சம்னு பேரு. வெட்டி எடுக்கணும்னு சொன்னேன்.”

வெளியே யாரோ ஒருவரின் குழந்தை ஊசிக்கு அழுதது. எமில்டா அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதலில் வந்தது சிரிப்பு. விசர் மனுசன், மலைநாட்டுச் சொல்லைக் கேட்டுவந்து கரைச் சொல்லாக்கி, தானும் தின்று என்னையும் பாவத்தில் தள்ளிவிட்டானே என்று ஒரு சிரிப்பு. அது தொண்டைவரை வந்த நேரத்தில் அமராவதி அடுத்ததைச் சொன்னாள்.

“ஆனா அவருக்கு வெளங்கியிருக்கணுமே. தொட்டுக் காட்டித்தானே சொன்னேன். ‘கத்தி வச்சா பரவாதா’ன்னு அவரே கேட்டாரு. பரவாதுன்னு டொக்டரம்மா படம் போட்டுக்கூடக் காட்டினாங்க.”

சிரிப்பு அங்கேயே செத்தது.

“என்ன பரவாதாம்?”

அமராவதி உள்ளே திரும்பிப் பார்த்தாள். பிறகு எமில்டாவைக் கொட்டிலுக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். “சின்னதா ஒரு புத்துநோய் மாதிரி சந்தேகம். பயப்படாதீங்க. தோல்ல வர்ற சாதி, மெதுவா வளரும். ஒடம்புக்குள்ள ஓடுறது ரொம்ப அரிது. ஆனா விட்டா இருக்கிற எடத்தையே தின்னும். அந்த எடம் கண்ணுக்குப் பக்கத்துல. இப்பவே தாமதம். வர்ற வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்க. அன்னிக்கோட டொக்டரம்மா ஊருக்குப் போறாங்க. அடுத்து வர்றவர் வெட்டுற டொக்டர் இல்ல.”

“பிறகு?”

“வவுனியாதான்.”

வவுனியா. புளியங்குளம் வழி சண்டையில் பூட்டிக் கிடந்தது. சுற்றிப் போவதென்றால் இயக்கத்திடம் பாஸ் வேண்டும். பாஸுக்குப் பிணை நிற்க ஆள் வேண்டும். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால் அங்கே ஆமியிடமும் ஒரு பாஸ். அதற்குள் அது கண்ணைத் தின்றுவிடும்.

எமில்டா சைக்கிளில் ஏறினாள். வீடு வரும்வரை எங்கேயும் காலை ஊன்றவில்லை.

*

ஸ்ரனிஸ்லஸ் பூவரசு நிழலில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தான். மறு இருக்கிற பக்கம் மரத்தோடு.

“கிளினிக்குக்குப் போனனான்,” என்றாள் எமில்டா.

வலையூசி நின்றது.

“மச்சம் எடுக்கட்டாம்.”

அவன் நிமிரவில்லை. அந்த ஒரு கணத்தில் அவளுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்துவிட்டது. விளங்காதவன் என்றால், அதற்கென்ன, எடுக்கிறேன்தானே என்று கேட்டிருப்பான்.

“நான் பொய் சொல்லேல்லை,” என்றான் வலைக்குள் பார்த்தபடி. “அவா சொன்னதை அப்பிடியே வந்து சொன்னனான். நீதான் மீனெண்டு எடுத்தாய்.”

“நான் எடுத்தன். நீங்கள் திண்டீங்கள்.”

“வைச்சாய். திண்டன்.”

“வெள்ளிக்கிழமையளிலயும் வைச்சன். கதவைப் பூட்டிப்போட்டு, கள்ளச் சாராயம் காய்ச்சிறவள் மாதிரி ஒளிச்சிருந்து வைச்சன். சுவாமிக்கு முன்னால போய் நிண்டு, வருத்தக்காரர், டொக்டர் சொன்னது எண்டு என்ர வாயால சொன்னன். நீங்கள் பக்கத்தில நிண்டு தலையை ஆட்டினீங்கள்.” அவள் குரல் உயரவில்லை. கோபம் ஏற ஏற எமில்டாவின் குரல் கீழேதான் போகும். “என்ன மனுசன் நீங்கள்?”

ஊசியை எறிந்துவிட்டு எழும்பினான் ஸ்ரனிஸ்லஸ்.

“சாகப் பயந்த மனுசன். போதுமோ? என்ர அப்பாவை நீ கண்டியோ? தொண்டையில கட்டியோட கரைவலை இழுத்த ஆள். கட்டியை வெட்டுவம் எண்டு கொழும்புக்குக் கொண்டுபோச்சினம். நடந்து போனவர், பெட்டியில வந்தவர். அந்தப் பெட்டியைத் தூக்கினது நான். கத்தி படுமட்டும் இருந்த மனுசன், கத்தி பட்டாப்பிறகு இல்லை.”

“அது தொண்டை. இது தோல்.”

“எல்லாம் இறைச்சிதான்.”

“ஓம், கத்தி பட்டால் பரவும்.” வேலி பேசியது. சுசிலாவின் தலை மேலே தெரிந்தது. எவ்வளவு நேரம் நின்றாளோ. “எங்கட தேப்பனை வெட்டித்தான் கொன்றவங்கள். இவனையும் கொண்டுபோய் வெட்டுவிக்கப் போறியோ? தாலியைக் கழட்ட என்னடி அவசரம்?”

ஸ்ரனிஸ்லஸ்கூட அந்தச் சொல்லுக்கு முகத்தைச் சுளித்தான். எமில்டா மெல்ல வேலிக்குக் கிட்டப் போனாள்.

“மச்சாள், அவர்ர கண் போனால் நீங்கள் உங்கட கண்ணைத் தோண்டிக் குடுப்பியளோ?”

“குடுப்பன். நீ குடுப்பியோ?”

“நான் ஏன் குடுக்கவேணும்? நான்தானே வெட்டச் சொல்லுறன்.”

சுசிலா தம்பியைப் பார்த்து, “இஞ்சை வாடா, சோறு போடுறன். அவளின்ர கையால இனித் தின்னாதை,” என்றாள். அவன் போனான். போகும்போது மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் மன்னிப்பும் இல்லை, கெஞ்சலும் இல்லை. பிடிவாதம் மட்டும்தான் இருந்தது.

செவ்வாய் முழுவதும் அவள் அடுப்பு மூட்டவில்லை. அவன் விடியமுதல் களப்புக்குப் போனான், வந்தான், அக்கா வீட்டில் தின்றான், அங்கேயே பாயைப் போட்டான். எமில்டா சுவாமியிடம் போய் நின்றாள். சுவாமி ஸ்ரனிஸ்லசைக் கூப்பிட்டு அனுப்பினார். ஆள் போகவில்லை. இரண்டு நாளில் டொக்டர் போய்விடுவார். அந்த நினைப்பு அவள் நெஞ்சுக்குள் கிடந்து எலிமாதிரிக் கறண்டியது.

*

புதன்கிழமை காலை. எமில்டா கிணற்றடியில் வாளியைப் போட்டு இழுத்துக்கொண்டிருந்தாள். கயிறு சிக்கியது. இழுத்தாள், வரவில்லை. எல்லாவற்றின் மேலேயும் வந்த வெறுப்பில், கிணற்றைப் பார்த்தே கத்தினாள்.

“எக்கேடும் கெடட்டும். இனி நான் வெட்டச் சொல்லமாட்டன்.”

வேலிக்கு அந்தப் பக்கம் முற்றம் கூட்டிய விளக்குமாறு நின்றது.

“ஏன் சொல்லமாட்டாய்?”

எமில்டா கயிற்றை விட்டாள். ஒரு நிமிசம் அசையாமல் நின்றாள். தூண்டிலில் ஏதோ தொட்டுப் பார்க்கிறபோது கை அப்படித்தான் நிற்கும். இழுக்கக் கூடாது. விட்டுக்கொடுக்க வேண்டும்.

“நீங்கள்தானே வேண்டாமெண்டனீங்கள், மச்சாள். யோசிச்சுப் பாத்தன். நீங்கள் சொன்னதுதான் சரி. வெட்டத் தேவையில்லை.”

“நான் வேண்டாமெண்டது வேற. கட்டினவள் நீ வேண்டாமெண்டுறது வேற.”

“என்ன வேற? அது தின்னட்டும். கண்ணைத் தின்னும், பிறகு மூக்கைத் தின்னும். தின்னட்டுமே. எனக்கு மன்னாரில ஆக்கள் இருக்கினம். பாஸ்குத் திருநாள் முடிய நான் அங்கை போறன். உங்கட தம்பியை நீங்களே வைச்சுப் பாருங்கோ. சின்னனில பாத்தனீங்கள்தானே. புண்ணைத் துடைச்சு, ஈ ஓட்டி...”

“வாயைப் பொத்தடி.”

“நாளைக்கு அவர் தானாய் வெளிக்கிட்டாலும் நான் விடமாட்டன். கத்தி வைக்கிறதுக்கு நான் சம்மதமில்லை.”

“நீ ஆரடி சம்மதம் தர?” விளக்குமாறு வேலியில் வந்து விழுந்தது. “அவன் என்ர தம்பி. நாளைக்கு நானே கொண்டுபோய் வெட்டுவிப்பன். ஏலுமெண்டால் தடுத்துப் பார்.”

“தடுப்பன்.”

“பாப்பம்.”

எமில்டா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அணைந்துபோன அடுப்புக்கு முன்னால் குந்தினாள். சீலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் அடைத்துக்கொண்டாள்.

*

பெரிய வியாழன். விடிந்தும் விடியாமலும் சுசிலா தம்பியின் பாயை உருவினாள்.

“எழும்படா. உடையார்கட்டுக்கு.”

“அக்கா, நீங்கள்தானே பரவுமெண்டனீங்கள்?”

“நான் ஆயிரம் சொல்லுவன். நீ மச்சமெண்டு சொன்னமாதிரி. எழும்பு.”

வாசலில் எமில்டா குறுக்கே நின்றாள். “போகவேண்டாம். நான் விடமாட்டன்.”

ஸ்ரனிஸ்லஸ் மனைவியைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். வாயைத் திறந்தான். கடலில் திசை தெரியாமல் நின்ற நாட்களில்கூட அவன் முகம் அப்படி இருந்ததில்லை.

“நீ வெட்டச் சொன்னனி.”

“இப்ப வேண்டாமெண்டுறன்.”

“இவள் வேண்டாமெண்டுறாளெண்டால் அதில ஏதோ நன்மை இருக்குது,” என்று சொல்லிச் சுசிலா சைக்கிள் கரியரில் ஏறிக் குந்தினாள். “மிதி.”

எமில்டா பக்கத்து வீட்டுச் சைக்கிளை வாங்கிக்கொண்டு பின்னால் மிதித்தாள். வழி முழுக்க, “திரும்புங்கோ, வேண்டாம்,” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் சுசிலா தம்பியின் முதுகில் ஒன்று வைத்தாள். சைக்கிள் வேகம் பிடித்தது.

புதுக்குடியிருப்பு தாண்டியதும் குண்டுவீச்சு விமானத்தின் சத்தத்தில் வானம் கிழிந்தது.

“கிபிர்,” என்றான் ஸ்ரனிஸ்லஸ். மூவரும் சைக்கிள்களைப் போட்டுவிட்டு றோட்டோரத்துப் பதுங்குகுழிக்குள் விழுந்தார்கள். எமில்டா புருசனின் தலையைப் பிடித்து மண்ணோடு அமத்தினாள். சத்தம் தலைக்கு மேலே வந்து, காதை அடைத்து, மேற்கே எங்கேயோ போய்த் தேய்ந்தது. அங்கே யாருக்கு என்னவோ.

“அமத்தாதை, மூச்சு முட்டுது,” என்று முனகினான்.

அவள் கையை எடுத்தாள். உள்ளங்கை சிவந்திருந்தது. பொருக்குப் பெயர்ந்து, கன்னம் வழியே இரத்தம் ஒரு கோடாக இறங்கி நாடியில் சொட்டியது. எமில்டா அதைத் தன் சீலையால் துடைக்கப் போனாள். அதற்குமுதல் சுசிலா துடைத்துவிட்டாள். துடைத்த துணியை விரித்துப் பார்த்தாள். அந்த இடத்திலிருந்து கொட்டில் வரும்வரை அவள் தம்பியின் முதுகில் அடிக்கவில்லை. எமில்டாவும் வேண்டாம் என்று சொல்வதை விட்டுவிட்டாள். அதை யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

*

அவனை உள்ளே கொண்டுபோய்த் திரையை இழுத்துவிட்டார்கள். வெளியே வாங்குப் பலகையில் இரண்டு பெண்கள். நடுவில் இன்னும் இரண்டு பேர் இருக்கக்கூடிய இடைவெளி.

உள்ளே தட்டில் இரும்பு வைக்கும் சத்தம் கேட்டது. ஸ்ரனிஸ்லஸ் ஒருமுறை, “அம்மோய்,” என்றான். ஊசியாக இருக்கும். பிறகு சத்தமில்லை. சத்தமில்லாதது இன்னும் மோசம்.

“உனக்கு மன்னாரில ஆரடி இருக்கினம்?” என்று கேட்டாள் சுசிலா. முகம் திரைப்பக்கம்.

“ஒருத்தருமில்லை.”

“தெரியும்.”

எமில்டா திரும்பிப் பார்த்தாள். “தெரிஞ்சுகொண்டோ வந்தனீங்கள்?”

“நீ சொல்லி நான் வந்தனானெண்டு நினையாதை. வளத்தவளுக்கு வளத்தவளின்ர யோசினை இருக்குது.” சுசிலா செபமாலையை விரலில் உருட்டினாள். ஆனால் உதடு அசையவில்லை. “அப்பாவின்ர கட்டி கையில தட்டுப்படேக்குள்ள அது தேங்காயளவு. ஒருத்தருக்கும் காட்டாமல் சால்வையால மூடிக்கொண்டு திரிஞ்சவர். வெட்டினதாலயோ பிந்தினதாலயோ, ஆருக்குத் தெரியும். நாங்கள் கத்தியைத்தான் திட்டினனாங்கள்.”

“அதைத் திங்கட்கிழமை சொல்லியிருக்கலாம், மச்சாள்.”

“திங்கட்கிழமை நீ வெட்டவேணுமெண்டு நிண்டாய்.”

எமில்டாவுக்கு அவளை அறையவேண்டும் போலவும் இருந்தது, அவள் மடியில் தலையை வைக்கவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

திரை விலகியது. அமராவதி வந்தாள். கையில் சின்ன மருந்துப் போத்தல். உள்ளே தண்ணீரில் ஏதோ ஒரு துணுக்கு.

“முடிஞ்சிருச்சும்மா. வேரோட வந்துருச்சு.”

எமில்டா எழும்பினாள். “பொறுங்கோ. வந்திட்டுதெண்டால் எங்கை வந்தது? உள்ளுக்கு வந்ததோ, வெளிய வந்ததோ?”

“வெளிய. போத்தல்ல இருக்கு, பாருங்க.”

“அவர்ர முகத்தில இனி இல்லை?”

“கண்ணுக்குத் தெரிஞ்ச வரைக்கும் இல்ல. சுத்தி நல்ல தோலையும் கொஞ்சம் சேத்து எடுத்தாங்க. இதைக் கொழும்புக்கு அனுப்பிப் பாப்பாங்க. முடிவு வர ஒரு மாசத்துக்கு மேல ஆகும். பெரும்பாலும் பயப்பட ஒண்ணும் இருக்காதுன்னு டொக்டரம்மா சொல்றாங்க.”

“பெரும்பாலும் எண்டு அவா சொன்னவவோ, நீங்கள் சேத்ததோ?”

“அவங்கதாம்மா சொன்னாங்க.”

“திரும்பப் போய்க் கேட்டு வாங்கோ. நான் நிக்கிறன்.”

அமராவதி ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே போனாள். இங்கிலீசு கேட்டது. டொக்டரின் சிரிப்பும் கேட்டது. திரும்பி வந்து, “பெரும்பாலும்னுதான் சொல்றாங்க. அதுக்கு மேல இப்ப யாராலயும் சொல்ல முடியாதாம். காயத்துல கடல்தண்ணி படக்கூடாது. வெயில் ஆகாது. தையல் வெட்ட நானே நிப்பேன்,” என்றாள்.

“மருந்து நான் கட்டுறன்,” என்றாள் சுசிலா.

“நீங்கள் கட்டத் தேவையில்லை,” என்றாள் எமில்டா.

“நீ கட்டினால் இறுக்கிக் கொன்றுபோடுவாய்.”

ஸ்ரனிஸ்லஸ் வெளியே வந்தான். பாதி முகம் வெள்ளைத் துணி. தெரிந்த மற்றக் கண்ணால் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். உயிரோடு வந்துவிட்ட ஆச்சரியம் அந்தக் கண்ணில் இருந்தது.

“நோகேல்லை,” என்றான்.

“நோகவேணும்,” என்றாள் எமில்டா.

ஒற்றைக் கண்ணோடு அவனைச் சைக்கிள் ஓட விட முடியாது. சுசிலா, உழவு இயந்திரம் வந்தால் அதில் வருவதாகச் சொல்லி, பக்கத்து வீட்டுச் சைக்கிளோடு பின்தங்கினாள். எமில்டா கைபிடியைப் பிடித்துக்கொண்டு, “ஏறுங்கோ,” என்றாள். அவன் கரியரில் ஏறினான். பாரம் சாய்ந்தது, நிமிர்த்திக்கொண்டாள், மிதித்தாள்.

கொஞ்சத் தூரம் போனதும் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“இன்னும் கோவமோ?”

“முடிவு வரட்டும்.”

“வந்தால்?”

“நல்ல முடிவெண்டு வரட்டும். அண்டைக்குத்தான் உங்களோட சண்டை துவங்கப்போறன்.”

“அப்ப இவ்வளவு நாளும் பிடிச்சது?”

முன்னால் ஏற்றம் வந்தது. எமில்டா சைக்கிள் சீற்றிலிருந்து எழும்பி நின்று, மூச்சைப் பிடித்து மிதித்தாள்.

“இறங்கட்டோ?” என்றான்.

“இருங்கோ,” என்றாள் எமில்டா. “என்னைப் பிடிச்சுக்கொண்டு பேசாமல் இருங்கோ.”